மூன்று படிக்கு ஆறு மீட்டர் போதாது

என் தம்பியின் சக்கர நாற்காலி அகலம் 64 செ.மீ. நீளம், கால் வைக்கும் பலகையோடு சேர்த்து 105. இந்த இரண்டு எண்ணும் எனக்கு என் செல்போன் எண்ணைவிட நன்றாக மனப்பாடம். வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது கைப்பையில் ஒரு மூன்று மீட்டர் டேப் இருக்கும். வீட்டுக்காரர் ஹாலைக் காட்டிக்கொண்டிருக்க, நான் கக்கூஸ் கதவை அளந்துகொண்டிருப்பேன். பெரும்பாலும் 60 செ.மீ. "சரிங்க, யோசிச்சுச் சொல்றோம்" என்று வெளியே வந்துவிடுவேன்.

தம்பி சென்ட்ரிங் வேலை, அதாவது கான்கிரீட் வார்க்க அச்சுப் பலகை அடிக்கும் வேலை பார்த்தவன். 2021-இல் மதுரையில் ஒரு கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கை இரண்டும் நன்றாக இருக்கின்றன. இப்போது செல்போன் பழுது பார்க்கிறான். நான் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறேன். கொத்தனார் கரண்டி பிடித்துப் பழக்கமில்லை என்றாலும் பொருளின் பெயரும் விலையும் தெரியும். இந்தப் பதிவுக்கு அந்த அளவு அறிவு போதும்.

இரண்டு வருடத்தில் பதினோரு வீடு பார்த்தோம். கதவு சரியாக இருந்த ஒரு வீட்டில், வாசல்படிக்கு ஒரு சரிவு போட்டுக்கொள்கிறோம், காலி செய்யும்போது எடுத்துவிடுகிறோம் என்று கேட்டேன். "வண்டி நிறுத்துற இடம்மா அது" என்றார். இன்னொருவர் டைல்ஸ் கீறும் என்றார். ஒரு அம்மா மட்டும் உள்ளதைச் சொன்னார்: "நாளைக்குக் காலி பண்ணச் சொன்னா ஊர் என்னைத்தானே திட்டும்?" அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. மற்றவர்களும் அதையேதான் டைல்ஸ் மொழியில் சொன்னார்கள்.

அதனால்தான் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு விண்ணப்பித்தோம். இங்கே ஒரு தவறு செய்தேன், அதைச் சொல்ல வேண்டும். முதல் மனுவை ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் எழுதி வாங்கினேன். "ஐயா அவர்களின் பாதம் பணிந்து" என்று ஆரம்பித்து, கண்ணீர், ஏழ்மை, தாயில்லாப் பிள்ளை என்று ஒன்றரைப் பக்கம். எங்கள் அம்மா நன்றாக இருக்கிறார். அதைச் சொன்னதற்கு, "அப்படிப் போட்டாத்தான்மா படிப்பாங்க" என்றார் அவர். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம், சீட்டில் ஒரு எண் வந்தது. நான்கு மாதம் கழித்து, மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று ஒரு வரிப் பதில்.

அடுத்த மனுவை நானே எழுதினேன். கண்ணீர் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 37: அரசின் வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ளவர்களுக்கு 5 சதவீத இட ஒதுக்கீடு, அதில் பெண்களுக்கு முன்னுரிமை. 1995-ஆம் வருடத்துப் பழைய சட்டத்தில் வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்கு 3 சதவீதம் என்று இருந்தது. புதியதில் அந்த 5 சதவீதத்தோடு வீடு என்ற சொல்லே நேராக வருகிறது. தம்பியின் யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல், ஆதார், வருமானச் சான்று, எங்கள் பெயரில் எங்கும் வீடு இல்லை என்ற உறுதிமொழி. ஒரே பக்கம்.

2024-இல் ஒதுக்கீடு வந்தது. எந்த மாடி என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். டப்பாவுக்குள் கைவிட்டுச் சீட்டு எடுத்தது தம்பிதான். இரண்டாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தம்பி சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, "அக்கா, வீடு கெடச்சிருச்சு. இனி பறக்கக் கத்துக்கிட்டாப் போதும்" என்றான்.

குலுக்கல் நியாயமான முறை, யாருக்கும் பாரபட்சம் இல்லை என்று அங்கே விளக்கினார்கள். எல்லோருக்கும் கால் இருந்தால் நியாயம்தான். பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்ட வழிகாட்டியிலேயே, மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் உள்ள குடும்பங்களுக்குத் தரைத்தளத்திலோ கீழ்மாடிகளிலோ ஒதுக்க முன்னுரிமை தர வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தோம். "தரைத்தளம் காலி இல்லை" என்றார்கள். வாயால் சொன்னதை எழுத்தில் கேட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன்: எங்கள் திட்டப் பகுதியில் தரைத்தள வீடுகள் எத்தனை, யாருக்கும் ஒதுக்காதவை எவை, வீட்டு எண்ணோடு தருக. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். இருபத்தெட்டாவது நாள் வந்தது. அதில் இரண்டு வீட்டு எண்களுக்கு எதிரே ஒதுக்கீடு இல்லை என்று இருந்தது. அந்தப் பதிலின் நகலோடு மறுபடி திங்கட்கிழமை. 2025 ஜனவரியில் தரைத்தள வீட்டின் சாவி கைக்கு வந்தது.

இதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பால் காய்ச்சினோம். தம்பியை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள்.

தரைத்தளம் என்பது தரையில் இருக்கும் தளம் இல்லை. மழைத் தண்ணீர் ஏறாமல் இருக்க அடிமட்டத்தை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். பிளாக் வாசலில் மூன்று படி, ஒவ்வொன்றும் 15 செ.மீ. ஏறினால் ஒரு நடை, அதில் நான்கு வீட்டுக் கதவுகள். ஆக, இரண்டாவது மாடிக்கும் தரைத்தளத்துக்கும் தம்பியைப் பொறுத்தவரை இருந்த வித்தியாசம், தூக்க நான்கு பேர் வேண்டுமா இரண்டு பேர் வேண்டுமா என்பதுதான்.

முதலில் செய்தது உதவாத வேலை. எங்கள் கடைக்குப் பக்கத்து கிரில் பட்டறையில் ஆறு அடி நீளத்தில் செக்கர் பிளேட் என்கிற சொரசொரப்பான இரும்புத் தகட்டில் ஒரு பலகை அடித்து வாங்கினேன். படிமேல் சாய்த்துப் போட்டால் வேலை முடிந்தது, இரவில் எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கணக்கு மட்டும் போடவில்லை. 45 செ.மீ. உயரத்துக்கு 183 செ.மீ. நீளம், அதாவது நாலுக்கு ஒன்று. தம்பி வேகமாக உருட்டிக்கொண்டு பாதி ஏறினான், முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பி நாற்காலி பின்பக்கம் சாய்ந்தது. நான் பின்னால் நின்றதால் என்மேல் விழுந்தான். எனக்கு முழங்கை தோல் போனதோடு சரி. அந்தப் பலகை இப்போது மாடி வீட்டு அண்ணனின் ஸ்கூட்டர் ஏறப் பயன்படுகிறது.

சரிவுக்கு விதி சின்னதுதான்: ஒரு பங்கு உயர்ந்தால் பன்னிரண்டு பங்கு நீளம். 2021-இல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் வெளியிட்ட ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டியில் இருக்கிறது; உலகம் முழுக்கவே கிட்டத்தட்ட இதே கணக்குதான். 45-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 540. ஐந்து மீட்டர் நாற்பது. மூன்றே மூன்று படிக்கு. இதைக் கேட்டதும் கொத்தனார் அண்ணன் சிரித்துவிட்டார். "ஏம்மா, பாலமா கட்டப் போறீங்க?"

சுவரை ஒட்டி அளந்தோம். வாசலிலிருந்து சாக்கடை மேன்ஹோல் வரை ஆறு மீட்டர்தான். மேன்ஹோல் மூடிமேல் கட்ட முடியாது, அடைத்தால் யார் திறப்பது? மேலே நடையின் விளிம்பில் நாற்காலி நின்று திரும்ப 1.5 மீட்டர் சமதளம் வேண்டும். கீழே இறங்கியதும் அதே அளவு. சரிவும் சேர்த்தால் 8.4 மீட்டர். இடமில்லை. ஆகவே எல் வடிவம்: மேலே 1.5 மீட்டர் சமதளம், சுவரோரம் 2.4 மீட்டர் சரிவு, அங்கே 1.5-க்கு 1.5 மீட்டரில் திரும்பும் மேடை, அங்கிருந்து தெருவை நோக்கி 3 மீட்டர் சரிவு. 2.4 மீட்டரில் 20 செ.மீ. இறங்கும், 3 மீட்டரில் 25. கணக்கு நேரானது. சுண்ணாம்புக் கோடு போட்டு, தம்பியை அதன்மேல் உருட்டச் சொல்லிப் பார்த்தோம். திரும்பும் இடத்தில் ஒரு முறைகூடக் கோட்டைத் தாண்டவில்லை. அப்புறம்தான் எனக்குத் தைரியம் வந்தது.

அனுமதி. பிளாக் முன்னால் உள்ள இடம் பொது இடம், எங்கள் சொத்து இல்லை. ஒதுக்கீட்டு அலுவலகத்தில் பொறியாளர் ஒருவரைப் பார்த்தேன். படத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா இதெல்லாம் வழிகாட்டி நெறிதாம்மா, கட்டாயம் இல்ல. எங்களுக்கு இதுக்கு நிதி ஒதுக்கீடும் கிடையாது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

வழிகாட்டியா, கட்டாயமா என்ற இந்தக் கேள்விக்குத்தான் சில மாதங்களுக்கு முன்னால் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருந்தது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கு. பொது இடங்கள் எல்லோரும் நுழையும்படி இருக்க வேண்டும் என்று கேட்டது. 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பில், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கான 2017-ஆம் வருட விதிகளில் உள்ள 15-ஆவது விதி அந்தச் சட்டத்துக்கே முரணானது என்றார்கள். சட்டம் அணுகல் வசதியைக் கட்டாயம் என்கிறது. விதியோ விரும்பினால் பின்பற்றலாம் என்ற தொனியில் வழிகாட்டிகளின் பட்டியலைத் தருகிறது. இது பொருந்தாது, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். தீர்ப்பின் அந்தப் பக்கங்களை அச்சிட்டு அடுத்த முறை கொண்டுபோனேன். அவர் படித்தார். "அப்ப மேலிடத்துக்குத்தான் எழுதணும்" என்றார். அதன்பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க பாட்டுக்குக் கட்டிக்கோங்க. நாங்க வந்து இடிக்க மாட்டோம்" என்றார்.

இந்த மாதிரி வாய்வார்த்தை அனுமதி நாளைக்கு ஆள் மாறினால் போய்விடும். அதனால் அன்று மாலையே ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்: இன்ன தேதியில் நேரில் பேசியபடி, இணைத்துள்ள படத்தில் காட்டிய அளவில், எங்கள் செலவில் பொதுச் சரிவுப்பாதை கட்டப் போகிறோம், ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. ஆட்சேபம் வரவில்லை. அந்த அட்டையை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

அக்கம்பக்கத்தில் ஆட்சேபம் வந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது. நான்கு பைக் நிற்கும் இடம் போகிறது. எதிர்வீட்டுப் பரோட்டா மாஸ்டர் அண்ணன், சரிவு போட்டால் எல்லோரும் பைக்கை நடைவரைக்கும் ஏற்றி நிறுத்துவார்கள் என்றார். அப்போது எனக்கு அது சாக்குப்போக்காகத் தெரிந்தது. உண்மையாகவே நடந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, வேலை.

இரண்டு பக்கமும் செங்கல்லில் ஒன்பது இஞ்ச் சுவர் எழுப்பி, நடுவில் இடிந்த செங்கலும் கிராவலும் கொட்டி, தண்ணீர் ஊற்றி இடித்து இறுக்கினார்கள். இந்த இறுக்கலில் அவசரப்பட்டால் ஒரு மழைக்காலத்தில் நடுவில் குழி விழும். கொத்தனார் அண்ணன் ஒரு நாள் முழுக்க அப்படியே ஊறவிட்டார். மேலே நான்கு இஞ்ச் கான்கிரீட், ஒரு பங்கு சிமென்ட்டுக்கு இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. பாதையின் உள் அகலம் 120 செ.மீ.

சரிவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தம்பி ஒரு கருவி செய்தான். அவன் சென்ட்ரிங் ஆள் என்பதை நாங்கள் மறந்துபோயிருந்தோம். 120 செ.மீ. நீளச் சட்டம் ஒன்று. அதன் ஒரு முனைக்கு அடியில் 10 செ.மீ. உயரக் கட்டையை அடித்தான். கட்டை உள்ள முனை கீழ்ப்பக்கம் வருமாறு சரிவில் வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்தால், குமிழ் நடுவில் நின்றால் சரியாகப் பன்னிரண்டுக்கு ஒன்று. குமிழ் மேட்டுப் பக்கம் ஓடினால் சரிவு அதிகம். எங்கள் பாதையில் இரண்டு இடத்தில் ஓடியது. ஈரமாக இருக்கும்போதே சீவி எடுக்கச் சொன்னான். கொத்தனார் அண்ணன் முதலில் முறைத்தார், பிறகு அந்தச் சட்டத்தை அவரே வாங்கி வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். வேலை முடிந்து போகும்போது "இத நான் எடுத்துக்கிறேன் தம்பி" என்று கொண்டுபோய்விட்டார்.

அவரோடு ஒரே ஒரு சண்டை. மேல்பரப்பில் சிமென்ட் பால் ஊற்றிக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இழைக்க வேண்டும் என்பது அவருடைய தொழில் கௌரவம். "பார்க்கிறவன் என் வேலையக் காறித் துப்புவான்மா." மழையில் வழவழப்பான சரிவு சறுக்கு மரம். கடைசியில் தென்னந்துடைப்பத்தைக் குறுக்காக இழுத்துக் கோடு போட்டோம். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஏழு நாள் சாக்கு விரித்துத் தண்ணீர் விட்டோம். பிளாக்கில் இருக்கும் எல்லாக் குழந்தைகளையும் ஏழு நாள் துரத்தினோம்.

ஓரத்தில் முன்சக்கரம் நழுவி விழாமல் இருக்க 8 செ.மீ. உயரத்துக்கு விளிம்பு. இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய், 76 செ.மீ. உயரத்தில் ஒன்று, 90-இல் ஒன்று. கீழே உள்ளது நாற்காலியில் இருப்பவருக்கு, மேலே உள்ளது நடக்கிறவருக்கு. இரு முனையிலும் 30 செ.மீ. நீட்டி வளைத்துவிட வேண்டும். கால் தடுமாறுபவர்கள் சரிவு தொடங்கும் முன்பே பிடித்துக்கொள்ள. ஒன்றரை இஞ்ச் எஸ்.எஸ். குழாய் போட்டோம், பிடிக்க வாகாக இருக்கிறது. சித்திரை வெயிலில் தொட முடியவில்லை என்பது ஏப்ரலில்தான் தெரிந்தது. பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கிழித்துச் சுற்றிவிட்டோம். எந்த வழிகாட்டியிலும் இது இல்லை. மதுரையில் இருப்பவர்கள் எழுதியிருந்தால் இருந்திருக்கும்.

சரிவுப்பாதைக்கு மொத்தம் 58,000 ரூபாய் ஆனது. குழாயும் வெல்டிங்கும் மட்டுமே 21,000. என் செயினை அடகு வைத்தேன், கடை முதலாளி சிமென்டைத் தவணைக்குக் கொடுத்தார். கட்டும்போதே போட்டிருந்தால் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கணக்கையும் கொத்தனார் அண்ணனிடம் கேட்டேன். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணும், தளத்துக்குக் கலக்கிய கான்கிரீட்டும், ஆளும் அங்கேயே இருக்கும்போது, படிக்குப் பக்கத்தில் சரிவு சேர்க்க ஆகும் செலவு எங்களுக்கு ஆனதில் பாதிகூட வராது என்றார். மேன்ஹோலை ஒரு மீட்டர் தள்ளி வைக்கச் செலவே இல்லை, காகிதத்தில் ஒரு கோடு.

இனி கழிப்பறை. உண்மையில் இதுதான் முதலில் செய்திருக்க வேண்டிய வேலை. வாசல் வழியாக வெளியே போகாவிட்டால் ஒரு நாள் ஓடிவிடும். கழிப்பறைக்குள் போக முடியாவிட்டால் மனிதன் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வான். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். தம்பி அந்த இரண்டு மாதம் எவ்வளவு குறைவாகத் தண்ணீர் குடித்தான் என்பதை நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் குளிர்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் தெரிந்தது.

வீட்டில் குளியலறை தனி, கக்கூஸ் தனி, இரண்டுக்கும் நடுவில் நாலரை இஞ்ச் சுவர். இரண்டு கதவும் 60 செ.மீ. பி.வி.சி. கதவு, உள்பக்கம் திறக்கிறவை. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் கதவைத் திறக்கவே முடியாது, இதை யார் முதலில் யோசித்தார்களோ. தரை இரண்டு இஞ்ச் தாழ்ந்திருந்தது.

சுவரை இடிக்கும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போது பல புதிய குடியிருப்புகளில் மிவான் என்கிற அலுமினிய அச்சு வைத்து எல்லாச் சுவரையும் கம்பி போட்ட கான்கிரீட்டிலேயே வார்க்கிறார்கள். அந்தச் சுவர்கள்தான் மேல் மாடிகளைத் தாங்குகின்றன, அதில் கதவை அகலமாக்குகிறேன் என்று கை வைக்கவே கூடாது. எங்களுடையது தூணும் உத்தரமும் உள்ள பழைய முறைக் கட்டடம், நடுச்சுவர் வெறும் தடுப்பு. அப்படியும் தெரிந்த ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டிய பிறகே தொட்டோம். மிவான் கட்டடத்தில் ஒரு கதவு 60 செ.மீ. என்று வார்த்துவிட்டால், கட்டடம் இருக்கும்வரை அது 60 செ.மீ.தான். அதனால்தான் படம் போடும்போதே கேட்க வேண்டியிருக்கிறது.

நடுச்சுவரை எடுத்ததும் 2 மீட்டருக்கு 1.25 மீட்டரில் ஒரே அறை. நாற்காலி முழு வட்டம் திரும்ப வேண்டிய 1.5 மீட்டர் கிடைக்கவில்லை. நேராக உள்ளே போய், பின்னால் உருட்டி வெளியே வருகிறான். இதற்குமேல் அந்த வீட்டில் இடமில்லை. ஒரு கதவை அடைத்து, மற்றதை 90 செ.மீ. ஆக்கி, மேலே சுவரைத் தாங்கப் புது லிண்டல் வைத்து, வெளிப்பக்கச் சுவரில் ரயில் மாட்டி நகரும் கதவு போட்டோம். தரையை உயர்த்தி, வாசலில் மேடு இல்லாமல் லேசான வாட்டம் மட்டும் கொடுத்தோம். தண்ணீர் ஹாலுக்கு வராமல் இருக்கக் கதவடியில் நீளவாக்கில் ஒரு ஜல்லடை மூடி. வெஸ்டர்ன் பீங்கான் தரையிலிருந்து 46 செ.மீ. நாற்காலி உட்காரும் உயரத்தோடு ஏறக்குறைய சமம், அப்போதுதான் பக்கவாட்டில் நகர்ந்து மாற முடியும்.

கைப்பிடிக் கம்பியில் ஒரு விபத்து நடக்க இருந்தது. பிளம்பர் தம்பி சுவரில் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, திருகாணி முறுக்கி, ஆட்டிக் காட்டினான், அசையவில்லை. மறுநாள் நான் முழு எடையைப் போட்டு ஒரு முறை தொங்கிப் பார்த்தேன். பூச்சோடு பெயர்ந்து கையில் வந்துவிட்டது. நாலரை இஞ்ச் சுவரில் பிளக்கை நம்பக்கூடாது. சுவரை ஊடுருவி ஆறு இஞ்ச் போல்ட் செலுத்தி, மறுபக்கம் 5 மி.மீ. இரும்புத் தகடு வைத்து நட்டு முறுக்கினோம். ஹாலில் இருந்து பார்த்தால் அந்தத் தகடுகள் அசிங்கமாகத் தெரியும், அம்மா அதன்மேல் காலண்டர் மாட்டியிருக்கிறார். மறுபடி நானும் பிளம்பரும் சேர்ந்து தொங்கினோம். இந்தத் தொங்கும் சோதனையைச் செய்யாமல் யாரும் கைப்பிடியை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, இது வீட்டில் இருப்பவர்களுக்கு: காலில் உணர்வு இல்லாதவருக்கு வெந்நீர் சுட்டாலும் தெரியாது. தம்பி முதலில் கையை விட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுவான். குழாய்க்கு நீளப் பிடி வைத்ததும் வெந்நீர், தண்ணீர் இரண்டும் உட்கார்ந்தபடி எட்டுகிறது.

சுவிட்சுகளை ஒரு மீட்டர் உயரத்துக்கு இறக்கினோம், மேல்தாழ்ப்பாளைக் கழற்றி நடுவில் வைத்தோம், சமையல் மேடையை ஒன்றும் செய்ய முடியவில்லை. பக்கத்தில் தாழ்வான மேசை போட்டு மின்அடுப்பு. வீட்டுக்கு வந்த பிறகு அவன் தானாகப் போட்ட முதல் டீயில் சர்க்கரை இரண்டு மடங்கு. குறை சொல்லாமல் குடித்தோம். கழிப்பறை, மற்றது எல்லாம் சேர்த்து 41,000.

பரோட்டா மாஸ்டர் சொன்ன பைக் விஷயம். பாதை திறந்த மூன்றாம் நாளே ஒருவர் பைக்கை ஏற்றி நடையில் நிறுத்தினார். இன்னொருவர் சரிவின் அடியில் நிறுத்திவிட்டு மேல்மாடியில் தூங்கிவிட்டார். தம்பி கடை திறக்க முடியாமல் ஒரு மணி நேரம் உள்ளே இருந்தான். நடுவில் கம்பம் நடலாம் என்றால், 64 செ.மீ. நாற்காலி போகும் இடைவெளியில் பைக்கும் போகும். மஞ்சள் கட்டம் போட்டோம், கொஞ்சம் கேட்டது. உண்மையில் நிலைமை மாறியது மாஸ்டரின் அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை ஆனபிறகு. அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையில்தான் ஏறி இறங்குகிறார். இப்போது யாராவது அடியில் பைக் நிறுத்தினால் எங்களுக்கு முன்னால் மாஸ்டரின் குரல் கேட்கும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் இந்தப் பிளாக்குக்கு வந்தால் மட்டும் சந்தோஷமாக இருக்கிறார்.

எங்கள் பாதையைப் பார்த்துவிட்டு மற்ற பிளாக்குகளில் இருந்து ஐந்து குடும்பம் வந்தார்கள். ஒருவருக்குப் போலியோ, ஒரு பையனுக்குத் தசைச் சிதைவு, ஒரு பாட்டிக்குப் பக்கவாதம். மூன்று குடும்பம் இன்னும் மேல்மாடியில் இருக்கிறது. எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மனு தயாரித்தோம். யாருடைய துயரமும் அதில் இல்லை. வீட்டு எண், படி எத்தனை, மொத்த உயரம், அதைப் பன்னிரண்டால் பெருக்கிய நீளம், முன்னால் இருக்கும் இடம், கதவு அகலம், இருப்பவரின் நாற்காலி அகலம். பக்கத்தில் டேப் வைத்து எடுத்த படம். இரண்டாம் பக்கத்தில், அடுத்த கட்டத்தில் கட்டப்போகும் பிளாக்குகளுக்கு நாங்கள் கேட்பது: நுழைவுச் சரிவு, தரைத்தளத்தில் 90 செ.மீ. கதவுகள், குளியலும் கழிப்பறையும் ஒரே அறை, மாற்றுத்திறனாளிகளைக் குலுக்கலுக்கு முன்பே தரைத்தளத்தில் வைத்துவிட்டு மற்றவர்களுக்குக் குலுக்குவது. மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு ஒன்று. புகாரை விசாரித்துப் பரிந்துரைக்கும் அதிகாரம் ஆணையருக்குச் சட்டத்திலேயே இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பழைய பொறியாளரே ஒரு உதவியாளரோடு அளக்க வந்தார். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு மேல்மாடிக் குடும்பங்களுக்குத் தரைத்தள மாற்றத்துக்குக் குறிப்பு எழுதினார். ஆறாவது பிளாக்கில் நின்று, "இங்க படி நாலு" என்றார். அறுபது செ.மீ. நான் சொல்வதற்குள் அவரே செல்போனில் பெருக்கிவிட்டு, மேன்ஹோல் வரை நடந்து பார்த்தார். 7.2 மீட்டர் வேண்டும். இருப்பது ஐந்தே கால்.

"இங்கயும் எல்தானாம்மா?" என்றார்.

தம்பி திரும்பும் மேடை எங்கே வரும் என்று சுண்ணாம்பு எடுத்தான்.